தெரியாது என்று சொல்ல ஓர் இடம்

பீரியட் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது பொறியியல் கல்லூரி வகுப்பறைகளில் தவறாமல் ஒரு குரல் கேட்கும். “டவுட் இருந்தா கேளுங்க.” அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருவரும் கேட்பதில்லை. முன்பெஞ்சில் நோட்டுகளை மூடுகிறார்கள். பின்பெஞ்சில் பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம். ஆசிரியர் அட்டென்டன்ஸ் நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போகிறார். அந்த மௌனத்தில் என்ன இருந்தது என்பது செமஸ்டர் ரிசல்ட் வரும்போதுதான் தெரிகிறது. கணக்கில் அரியர், கிராபிக்ஸில் அரியர். ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது ‘ஆல் கிளியர்’ என்பது சில பிள்ளைகளுக்கு நினைத்துப் பார்க்கவே முடியாத ஒன்றாகிவிடுகிறது.

காரணம் கேட்டால் ஸ்டாஃப் ரூமில் பதில்கள் தயாராக இருக்கும். பேஸிக்ஸ் இல்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து இங்கிலீஷில் திணறுகிறான். ப்ளஸ் டூவில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவள். எந்நேரமும் போன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எல்லாப் பதிலும் மாணவரையே கைகாட்டுவதுதான் என்னை உறுத்துகிறது.

தமிழ்நாட்டில் 2007-ல் பொறியியல் நுழைவுத் தேர்வு போனது. பிறகு முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடம் சட்டமானது. இந்த மாநிலம் செய்த நல்ல காரியங்களின் பட்டியலில் இவற்றை மிக மேலே வைப்பேன். கொத்தனார் வீட்டுப் பெண் சிவில் படிக்கிறாள், பவானிக்கரை நெசவாளியின் மகன் மெக்கானிக்கல் படிக்கிறான் என்றால் அது சாதாரண மாற்றம் இல்லை. ஆனால் அவர்களைக் கல்லூரிக்குள் கொண்டுவருவதில் காட்டிய அக்கறையை, வந்து உட்கார்ந்தபின் அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பதில் நாம் காட்டவில்லை. வீட்டில் செமஸ்டர் என்றால் என்னவென்று சொல்ல ஆளில்லாத பிள்ளை, கஷ்டம் வந்தால் யாரிடம் போவது என்று தெரியாமலே முதல் ஆண்டைக் கழிக்கிறது.

நம் ஸ்டாஃப் ரூம் பதில்கள் நமக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற இளைஞர் கால்குலஸ் பாடத்தில் உதவி ஆசிரியராக இருந்தார். அங்கே கறுப்பின மாணவர்கள் பலர் கால்குலஸில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகத் தேறினார்கள். பேராசிரியர்களைக் கேட்டால், ஆர்வம் போதாது, அடித்தளம் போதாது, வீட்டில் ஊக்கம் இல்லை, வறுமை என்றார்கள். ட்ரைஸ்மன் அதோடு விட்டுவிடவில்லை. இரண்டு தரப்பிலும் இருபது இருபது பேரைத் தேர்ந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணம் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள், ஆனால் தனியாக உழைத்தார்கள். ஒரு கணக்கு வரவில்லை என்றால் தனக்குத்தான் வரவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். சீன மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் போட்டதை மற்றவர் சரிபார்த்தார்கள். யாருக்குமே வராத கணக்கு என்றால், குறை தன்னிடம் இல்லை, கணக்குதான் கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து அவர் செய்ததுதான் நாம் உற்றுப் பார்க்க வேண்டியது. தோற்பவர்களுக்கென்று எளிய கணக்குகளோடு தனி வகுப்பு வைக்கவில்லை. பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாக உட்காரவைத்து, சேர்ந்து போராடச் சொன்னார். இது திறமைசாலிகளுக்கான பயிற்சி என்றே சொல்லி அழைத்தார். வந்தவர்கள் தேறினார்கள், நன்றாகவே தேறினார்கள்.

நம் கல்லூரிகளில் என்ன செய்கிறோம்? முதல் இன்டர்னல் முடிந்ததும் ‘ஸ்லோ லேர்னர்’ பட்டியல் தயாராகிறது. கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வரும்போது காட்ட அந்தப் பட்டியல் ஃபைலில் இருக்க வேண்டும். பெயர் வந்த பிள்ளைகள் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் தனி வகுப்பில் உட்கார வேண்டும். அங்கே அதே பாடம், அதே வேகம், இம்பார்ட்டன்ட் கொஸ்டின் மட்டும் கூடுதல். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நண்பர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பதினெட்டு வயதில் அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு எதையும் கற்க முடியாது. உதவி என்ற பெயரில் நாம் முதலில் கொடுப்பது அவமானம்.

என்ஜினீயரிங் மெக்கானிக்ஸில் வழக்கமாக வரும் ஏணிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வழுவழுப்பான சுவரில் ஏணி சாய்ந்திருக்கிறது, தரையில் உராய்வு உண்டு, ஏணியில் ஓர் ஆள் ஏறி நிற்கிறார். விசைகளைக் குறித்துப் படம் வரைய வேண்டும். சுவர் ஏணியைத் தள்ளும் விசையைக் கிடைமட்டமாகப் போட வேண்டும். பல மாணவர்கள் அதை ஏணியின் சாய்வோடு சாய்வாகப் போடுவார்கள். பேப்பர் திருத்தும்போது அது ஒரு சிவப்புச் சுழி, பூஜ்யம், அடுத்த பக்கம். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏம்ப்பா இந்தப் பக்கம் அம்பு போட்ட?” என்று கேட்டால் வேறு விஷயம் வெளியே வருகிறது. “பாரம் ஏணி வழியாத்தானே சார் இறங்குது.” அந்தப் பதிலில் அறிவு இருக்கிறது. கூரைக்குக் கொடுக்கும் முட்டுக்கழியில் விசை கழியின் போக்கிலேதான் போகும். இரண்டு முனையில் மட்டும் விசை தாங்குகிற, சொந்த எடை பெரிதாக இல்லாத கழிக்கு அது சரியும்கூட. நடுவில் ஆள் ஏறி நிற்கும் ஏணிக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். “சுவர்ல எண்ணெய் பூசியிருக்குன்னு வெச்சுக்கோ. அந்தச் சுவரால ஏணியை மேல இழுத்துப் பிடிக்க முடியுமா?” அவன் யோசிக்கிறான். “முடியாது சார், வழுக்கிடும். நேராத் தள்ளத்தான் முடியும்.” அவனே ரப்பரை எடுத்து அம்பை அழிக்கிறான்.

இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். மூன்று யூனிட் நடத்தினாலும் கிடைக்காதது அந்த இரண்டு நிமிடத்தில் கிடைக்கிறது. ஆசிரியர் தன் விளக்கத்தை எத்தனை தெளிவாகச் சொன்னாலும், மாணவர் தலைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் முட்டுக்கழியை அவர் பார்க்காதவரை அந்த விளக்கம் அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும், அதை நகர்த்தாது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மாஸுருக்கும் இதுதான் நேர்ந்தது. கணக்குகளை அழகாகப் போடும் மாணவர்களுக்கு, சூத்திரம் தேவைப்படாத எளிய விசைக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டார். மாஸுர் தன் வகுப்பையே மாற்றினார். 1991 முதல், பாடத்தின் நடுவே ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடையைத் தேர்வார்கள். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடுவார்கள். மறுபடி விடை சொல்வார்கள்.

இப்படிக் கற்பிப்பதால் பலன் உண்டா என்ற சந்தேகத்துக்கும் விடை வந்துவிட்டது. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளை ஸ்காட் ஃப்ரீமனும் சகாக்களும் தொகுத்து 2014-ல் வெளியிட்டார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோற்றார்கள்; மாணவர்களே ஏதாவது செய்து, பேசி, கேட்டு இயங்கிய வகுப்புகளில் 21.8 விழுக்காட்டினர். நூற்றுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். நம் ஊர்க் கணக்கில் அது பன்னிரண்டு குடும்பங்களின் கடனும் கனவும்.

இதற்காக அமெரிக்காவுக்குப் போக வேண்டியதுகூட இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாயிரத்திலேயே இதற்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. நம் டைம்டேபிள் முழுக்க முழுக்க அந்த முதல் கால் பங்குக்காகவே போடப்பட்டிருக்கிறது.

ஆனால் உடன் பயில்பவரோடு பழக வேண்டுமானால், தெரியாததைத் தெரியாது என்று அவர் முன்னால் வைக்கும் துணிவு வேண்டும். நம் கல்லூரி வாழ்க்கையோ அதை மறைக்கத்தான் முதல் நாளிலிருந்து பழக்குகிறது. லேபில் ரீடிங் சரியாக வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று தேட நேரம் கிடையாது. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ‘வர வேண்டிய’ மதிப்பை எழுதி அப்சர்வேஷனில் கையெழுத்து வாங்க வேண்டும். கம்பி நழுவியதா, டயல் கேஜை பூஜ்யத்தில் வைக்க மறந்தோமா என்று தேடுகிற அந்த அரைமணி நேரம்தான் ஒருவரை என்ஜினீயர் ஆக்குகிறது. அதைத்தான் நாம் தவிர்க்கச் சொல்லிக்கொடுக்கிறோம்.

இந்த மறைப்பு மாணவர்களோடு நிற்பதும் இல்லை. எம்.இ. முடித்த கையோடு வகுப்புக்கு அனுப்பப்படும் இளம் ஆசிரியரைப் பாருங்கள். கற்பிப்பது எப்படி என்று யாரும் அவருக்குச் சொல்லித்தந்ததில்லை. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 2018-ல், பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்ததை இருபதுக்கு ஒருவர் என்று தளர்த்தியது. கையில் மூன்று பேப்பர், மாலையில் பாடத்தின் இலக்குகளையும் படிப்பின் இலக்குகளையும் பொருத்திக் காட்டும் சி.ஓ., பி.ஓ. அட்டவணைகள், கோடையில் சில தனியார் கல்லூரிகளில் அட்மிஷனுக்காக ஊர் ஊராக அலைச்சல். அவரிடம் ஒரு மாணவர் எதிர்பாராத கேள்வியைக் கேட்டுவிட்டால், “எனக்கும் தெரியலப்பா, நாளைக்குப் பார்த்துட்டு வரேன்” என்று சொல்ல அவரால் முடியுமா? சொன்னால் ஃபீட்பேக் படிவத்தில் மதிப்பெண் குறையும், ஹெச்.ஓ.டி. கூப்பிடுவார் என்று பயப்படுகிறார். ஆகவே கேள்வி வராமல் இருப்பதே அவருக்கும் நிம்மதி. பீரியட் முடிவில் விழும் அந்த மௌனத்தை இரண்டு தரப்பினரும் சேர்ந்துதான் காப்பாற்றுகிறார்கள். ஒருவர் கேட்க வெட்கப்படுகிறார், மற்றவர் கேட்கப்பட அஞ்சுகிறார். பேஸிக்ஸ், இங்கிலீஷ், போன் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இந்த வெட்கம். அறியாமையைத் தீர்க்கவென்று கட்டிய கட்டடத்தில் அறியாமையைக் காட்டினால் தண்டனை என்று இருக்கும்வரை, ஸ்மார்ட் போர்டு மாட்டினாலும் பிரிட்ஜ் கோர்ஸ் வைத்தாலும் பாடத்திட்டத்தைத் திருத்தினாலும் பிள்ளைகளிடம் போய்ச் சேராது.

மென்டர் முறையையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். இருபது பிள்ளைகளுக்கு ஒரு மென்டர், ஆளுக்கொரு ஃபைல், அதில் அப்பா தொழில், போன் நம்பர், அரியர் எண்ணிக்கை, கையெழுத்து. மென்டர் கூப்பிட்டால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள், ஏனென்றால் தப்பு நடந்தால்தான் கூப்பிடுகிறார்கள். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, கிராபிக்ஸுக்கு மினி டிராஃப்டர் வாங்கிவிட்டாயா என்று ஒரு காரணமும் இல்லாமல் முதல் மாதத்தில் கேட்டு வைத்திருந்தால், மூன்றாம் மாதத்தில் “கணக்கு ஒண்ணும் புரியல மேடம்” என்று அந்தப் பிள்ளை தானாக வந்து நிற்கும். பாடம் வேறு, பரிவு வேறு என்று இரண்டு அலுவலகமாகப் பிரித்ததுதான் பிசகு. ஏணிக் கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்த அந்த இரண்டு நிமிடம் பாடமா, பரிவா? என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

புதிய திட்டம் எதுவும் அறிவிக்காமலே தொடங்க ஓர் இடம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ பாடத்துக்கு வாரம் மூன்று மணி விரிவுரை, ஒரு மணி டியூட்டோரியல். டியூட்டோரியலைக் குறிக்கும் அந்த ‘டி’ என்ற எழுத்து, இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடத்தான் அங்கே இருக்கிறது. நடைமுறையில் பல இடங்களில் அது போர்ஷன் முடிக்கும் நான்காவது விரிவுரை ஆகிவிடுகிறது. அந்த மணியைத் திருப்பிக் கொடுக்கலாம். நால்வர் நால்வராகப் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டால் அறுபது பேருக்குப் பதினைந்து குழு. மூன்று கணக்கு, அதில் ஒன்று ஆசிரியரே வீட்டில் போட்டுப் பார்க்காதது. மார்க் இல்லை, பட்டியல் இல்லை, தமிழில் வாதாடலாம். அரியர் வைத்துப் பிறகு தேறிய மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவரைக் கூப்பிட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. எங்கே சிக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆசிரியர் போர்டுக்குப் போகாமல் நோட்டுகளைப் படித்துக்கொண்டே நடக்கட்டும். மூன்றாவது கணக்கில் எல்லோரும் மாட்டிக்கொண்டு அவரிடம் வரும்போது, அவரும் சாக்பீஸை எடுத்து, தப்பாக ஓர் அடி வைத்து, அழித்து, மறுபடி போடட்டும். போர்ஷன் ஏன் ஒரு வாரம் பின்தங்கியது என்று ஹெச்.ஓ.டி. அவரிடம் கேட்காமல் இருக்க வேண்டும். வரும் செமஸ்டரில் ஒரே ஒரு செக்ஷனில், ஒரே ஒரு பாடத்தில் செய்து பார்க்க அனுமதி கேட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினால் போதும்.