துணியின் மறுபக்கம்

காந்தா என்னும் பழைய வங்கத் தையல் போர்வையைத் தடவிப் பார்த்தால், அதில் தைத்த படத்துக்கு முன்னால் மேடுபள்ளம்தான் கைக்குத் தட்டுப்படும். உடுத்தி நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய சிவப்பு, நீல, கறுப்பு நூலால் ஓட்டுத்தையல் போடுவது வங்கப் பெண்களின் வழக்கம். தாமரையும் யானையும் தைத்து முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் வெற்றிடத்திலும் வெள்ளை நூல் வரிவரியாக ஓடும். தைக்கத் தைக்கத் துணி சுருங்கி அலையலையாக எழும்பும். சிற்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அதனால்தான், இன்றைய கலைஞர்கள் எம்பிராய்டரியைத் தரையில் நிற்க வைப்பதும் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் எனக்கு வலிந்து செய்ததாகத் தோன்றவில்லை. சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியின் மகள் மிருணாளினி, சணல் கயிற்றில் முடிச்சுமேல் முடிச்சு போட்டே பெரிய உருவங்களை எழுப்பினார். 1984-இல் செய்த 'யக்ஷி' அவற்றில் ஒன்று. அவருடையது தையல் இல்லைதான். ஆனாலும் நூலைச் சுவரிலிருந்து விடுவித்து, நாம் சுற்றிவந்து பார்க்கும்படி நிறுத்தியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

சுற்றிவருவது சாதாரண விஷயமில்லை. இருபுறமும் ஒன்றுபோலத் தைத்த காந்தாக்கள் உண்டு; கண்ணாடிச் சட்டத்துக்குள் போனதும் அவற்றில் பாதி மறைந்துவிடுகிறது. துணி நடுக்கூடத்தில் நின்றால் பின்பக்கம் தெரியும். நூல் மாற்றிய இடமும் முடிச்சும் கை தளர்ந்த வரியும் தெரியும். இது யாருடைய கை என்ற கேள்வியும் கூடவே வரும்.

சில சமயம் அந்தக் கேள்விக்குத் துணியே விடை சொல்லும். கொல்கத்தாவை ஒட்டிய ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகம் இருக்கிறது. ஐ.சி.எஸ். அதிகாரி குருசதய் தத் சேகரித்த நாட்டார் கலைப்பொருட்கள் அங்கே உள்ளன. அவற்றில் ஒன்று, மானதாசுந்தரி என்ற பெண் 19ஆம் நூற்றாண்டில் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா. துரைகளையும் சிப்பாய்களையும் தைத்தவர், தன் பெயரையும் ஊசியாலேயே எழுதிவைத்தார்.

2022 சனவரியில் பாரிஸின் ரோதான் அருங்காட்சியகத்தில், டியோர் ஆடை நிறுவனத்தின் காட்சி அரங்கைச் சுற்றிலும் பிரம்மாண்டமான எம்பிராய்டரித் திரைகள் இருந்தன. அவற்றின் மூல ஓவியங்கள், ஒருகாலத்தில் கொல்கத்தாவில் வாழ்ந்த மாதவி பரேக், மனு பரேக் தம்பதியுடையவை. தைத்தது மும்பையின் சாணக்யா கைவினைப் பள்ளி. ஓவியர்களின் பெயரும் பள்ளியின் பெயரும் உலகுக்குத் தெரிந்தன. ஊசி பிடித்த கைகள் ஒரு கூட்டமாகவே அறியப்பட்டன.

ஓவியர் ஒரே மூச்சில் இழுக்கும் கோட்டைத் தைப்பவர் முழம் முழமாக உட்கார்ந்து நிரப்புகிறார். தையல் என்பது ஒருவர் தன் ஆயுளிலிருந்து எடுத்துக் கொடுத்த பொழுது. அந்தப் பொழுதுதான் துணிக்கு உடம்பாகிறது, நாமும் அதைத்தான் சுற்றிச் சுற்றி வந்து வியக்கிறோம். கொல்கத்தாவின் மேட்டியாபுரூஸில் ஜர்தோசி என்னும் ஜரிகைத் தையலுக்கான சட்டத்தின் முன் குனிந்திருப்பவருக்கும், வங்கத்தின் பீர்பூமில் கூலிக்குக் காந்தா தைப்பவருக்கும் அதில் உரிமை உண்டு. பருத்தி, பட்டு, இரும்பு என்று படைப்பின் பொருள்களை வரிசையாக எழுதும் அட்டையில், தைத்தவர்கள் பெயரையும் ஒவ்வொன்றாக எழுதலாம். பத்துப் பேரானாலும் நூறு பேரானாலும் எழுதலாம்.