பேரம் பேச முடியாதவரிடம் எவ்வளவு லாபம்?

நம் கடைக்கு வரும் வாடிக்கைக்காரர் அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கிறார். விலை ஜாஸ்தி என்று தோன்றினால் எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார். ஆகவே நம் லாபத்துக்கு அவரே காவல். சரக்கைப் பார்க்கவும் முடியாமல், விலை கேட்கவும் தெரியாமல் படுக்கையில் கிடப்பவரிடம் விற்கும்போது காவல் யார்? இருதய வைத்தியத்தில் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால், மணிக்கட்டு அல்லது தொடை வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழலைச் செலுத்தி, அடைப்பில் சிறு பலூனை ஊதி வழி திறக்கிறார்கள். 1977-ல் ஸூரிச் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் இதை முதலில் செய்தார். அந்தப் பலூன்களை வீட்டுச் சமையலறை மேஜையில் வைத்தே செய்து பழகியவர் அவர். இந்தியாவில் 1986-ல் இதைத் தொடங்கி வைத்தவர் டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல். 2025-ல் சென்னையில் காலமானார். இப்பொழுது வழி மறுபடி மூடாதிருக்க, ஸ்டென்ட் என்னும் கம்பி வலைக் குழாயை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள்.

வியாபாரம் புகுந்தது இந்தக் கம்பி வலையில்தான். 2017 பிப்ரவரியில் இந்திய சர்க்காரின் மருந்து விலை ஆணையம் இதற்கு உச்ச விலை கட்டியது. மருந்து பூசிய ஸ்டென்ட் சராசரி 1,21,000 ரூபாய்போல் விற்றது, வரி நீங்கலாக 29,600-க்கு இறங்கிற்று. பூசாதது சுமார் 45,000-லிருந்து 7,260 ஆயிற்று. பிறகு அந்த விலைகள் அவ்வப்போது மாறி வந்திருக்கின்றன. கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, சில ஆஸ்பத்திரிகள் வைத்த லாபம் மட்டும் 600 சதவிகிதத்துக்கு மேல்!

விலையைக் கட்டினால் நல்ல சரக்கு வராது என்பார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. சில அயல்நாட்டுக் கம்பெனிகள் தங்கள் புதிய ரகங்களைத் திரும்பப் பெற அனுமதி கேட்டதும் உண்மை. கண்டுபிடிப்பவருக்குச் செலவுண்டு, லாபமும் வேண்டும். ஆனால் அந்த 600 சதவிகிதம் கண்டுபிடித்தவருக்கா போயிற்று? சரக்கைக் கை மாற்றிவிட்டவருக்குப் போயிற்று. இதை லாபம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

விலையைவிடப் பெரியது, வேண்டுமா வேண்டாமா என்பது. மாரடைப்பு வந்துவிட்டால் உடனே வழி திறப்பது உயிரைக் காக்கும். அங்கே தாமதம்தான் குற்றம். நடந்தால் மட்டும் நெஞ்சு வலிப்பவர் விஷயம் வேறு. பிரிட்டனில் அப்படிப்பட்ட 200 பேருக்கு மாத்திரை கொடுத்து, ஒரு பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மறு பாதிக்குக் குழலை மட்டும் விட்டு எடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளிடம் சொல்லவில்லை. ஆறு வாரம் கழித்து நடக்கும் சக்தியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்று 2017-ல் அறிவித்தார்கள். வலி மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு ஸ்டென்ட் வலியைக் குறைத்தது என்று 2023-ல் அதே கூட்டத்தார் சொன்னார்கள். ஆக, ஆளுக்கு ஆள் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய காரியம். தீர்மானிப்பவரே விற்பவராகவும் இருப்பதுதான் சங்கடம்.

"நானா, நீங்களே பார்த்துப் போடுங்க" என்று தோட்டத்துப் பாட்டி பையை நீட்டும்போது, தராசோடு தன் பணத்தையும் நம்மிடம் அமானிதமாக விட்டுவிடுகிறாள். டாக்டரிடம் நாம் நீட்டுவது நெஞ்சை.

பத்து காஜாவிலிருந்து தாயகத்துக்கு வைத்தியத்துக்குப் போகும் சகோதரர்கள் இரண்டு கேள்வி கேட்கலாம். இப்பொழுதே அவசியமா, கொஞ்ச காலம் மாத்திரையில் பார்க்கலாமா? ஸ்டென்ட்டின் பெயரும் விலையும் பில்லில் தனியாக வருமா? அப்படித் தனியாக எழுத வேண்டும் என்பது 2017 கட்டளையிலேயே இருக்கிறது.