பார்க்கும் கண்களுக்கு நாம் பட்ட கடன்

'என் பழக்கத்தால் கெடுபவன் நான் ஒருவனே. பிறருக்கு இதில் என்ன?' என்று சொல்லக் கேட்கிறோம். இக்கூற்று எத்துணை உண்மை என்பதை அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தின் வரலாற்றைக் கொண்டு எண்ணிப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவ்வாட்டக்காரரிடையே மெல்லும் புகையிலை வேரூன்றிவிட்டது. புழுதி பறந்த திடலில் வாய் உலராதிருக்க அது உதவிற்று. திடல்கள் செப்பமுற்ற பின்னும் பழக்கம் மறையவில்லை. அடுத்த தலைமுறை அதனைப் பார்த்தே கற்றுக்கொண்டது. உப்பிய கன்னம் வீரனின் அடையாளமாயிற்று. 1980-இல் புகையிலை போலவே சீவிப் பையிலிட்ட சூயிங்கம் ஒன்று 'பிக் லீக் சியூ' என்னும் பெயரில் கடைக்கு வந்தது. புகையிலைக்கு மாற்றாக எண்ணப்பட்டதே அது; ஆயினும் சிறுவர் அதில் சுவைத்தது தம் வீரர்களின் சாயலையே.

கண்வழி நுழைந்தது கண்வழியே வெளியேறத் தொடங்கியது. முன்னாள் ஆட்டக்காரரான பில் டட்டிலுக்கு 1993-இல் வாய்ப்புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சைகளால் சிதைந்த தம் முகத்தையே சான்றாகக் காட்டி, 1998-இல் இறக்கும்வரை அவர் இளம் வீரரை எச்சரித்துவந்தார். எட்டு முறை தேசிய லீக்கின் சிறந்த மட்டையாளராக விளங்கிய டோனி குவின், உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றிய புற்றுநோயால் 2014-இல் தம் 54-ஆம் வயதில் மறைந்தார். நெடுங்காலம் தாம் வாயில் அடக்கிய புகையிலையே அதற்குக் காரணம் என அவர் நம்பினார். அவரிடம் பயின்ற ஸ்டீபன் ஸ்டிராஸ்பர்க், சிறுவயதில் வீரர்களைப் பார்த்தே தாமும் அதைப் பழகியதாக ஒப்புக்கொண்டவர்.

கீழ்நிலை லீக்குகளில் 1993-இலேயே தடை வந்தது. மேல்நிலை லீக்கிலோ வீரர் சங்கத்தின் இசைவு வேண்டியிருந்தது. சட்டம் விற்க அனுமதிக்கும் பொருளை வயதுவந்தவர் பயன்படுத்துவதை எவ்வாறு தடுப்பது என்பதே வழக்கு. இறுதியில், 2016-இல் எட்டப்பட்ட ஒப்பந்தம் புதிதாய் வருவோருக்கு மட்டும் தடை விதித்தது; பழையவருக்கு விலக்களித்தது.

இதனை அரைகுறை நீதி என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அடிமைப்பட்டவனை ஒரே நாளில் விடுவிக்க விதியால் இயலாது. அவனைப் பார்த்து இன்னொருவன் அடிமையாகாதபடி காக்க இயலும். துர்மாதிரிகைக்குத் தீய நோக்கம் தேவையில்லை; பார்க்கும் ஒரு குழந்தை போதும். அந்தக் குழந்தை திடலின் ஓரத்தில் மட்டுமா நிற்கிறது? நம் வீட்டுத் திண்ணையிலும் அல்லவா அமர்ந்திருக்கிறது!