உடன்படுதலும் வினையே

ஓய்வுக்காலச் சேமிப்பைப் பங்குகளில் இடுவோர் புதுவையில் நம்மவரிடையேயும் உளர். கொலைத்தொழில் சார்ந்த நிறுவனங்களின் பங்குகளை நாம் விலக்குகிறோம். நன்று. உயிர்க்கொலை இல்லாத தொழில் என்றால், அதன் ஆதாயம் தூயதென்று அமைதி கொள்ளலாமா? கணினி நினைவகத் துறையில் எழுந்த ஒரு வழக்கை எண்ணிப் பார்ப்போம்.

அமெரிக்க நாட்டின் ராம்பஸ் நிறுவனம் 1990-இல் தோன்றியது. நினைவகச் சில்லுகளின் வேகத்தைப் பெருக்கும் நுட்பங்களுக்குக் காப்புரிமை பெற்று, உற்பத்தியாளரிடம் உரிமத்தொகை பெறுவதே அக்காலத்தில் அதன் வழியாக இருந்தது. இதில் பிழையில்லை. அறிவுழைப்பும் உழைப்பே, அதற்கும் கூலி உண்டு.

ஆனால், சில்லுகளுக்குப் பொதுத்தரம் வகுக்கும் ஜெடெக் என்னும் அமைப்பில் அந்நிறுவனம் 1992 முதல் 1996 வரை உறுப்பினராக இருந்தது. தன் காப்புரிமை முயற்சிகளை அவ்வவையில் மறைத்துவிட்டு, தரம் நிலைபெற்றபின் தொகை கேட்டது என்பதே குற்றச்சாட்டு. அமெரிக்க வணிக ஆணையம் 2006-இல் அதைக் குற்றமெனக் கண்டது. போட்டிக்குத் தீங்கு நேர்ந்தது மெய்ப்பிக்கப்படவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் அம்முடிவைத் தள்ளியது. 'சட்டம் விடுவித்தது, இனி என்ன?' என்று பங்குதாரர் கேட்கலாம்.

ஊர்கூடிப் பாதை வகுக்கிறது. அவ்வழியில் தன் நிலமும் உள்ளதென்று அறிந்த ஒருவர் வாய்திறவாது அமர்ந்திருக்கிறார். பாதையில் வண்டிகள் ஓடத் தொடங்கியபின் சுங்கம் கேட்கிறார். நிலம் அவருடையதே, ஆயினும் அந்த மௌனம் வாய்மையாகுமா?

பயன்கொள்வோரும் பிழை செய்யலாம். கைப்பேசி நுட்பங்களை உரிமமின்றிப் பயன்படுத்தியதற்காக, லாவா நிறுவனம் எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தில்லி உயர்நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. உரியவர்க்குக் கொடாமையும் கள்ளாமைக்கு மாறானதே.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகைப்படும் என்பது நம் அறநெறி. பங்குதாரர் அவையில் பேசியவரல்லர், வழக்குத் தொடுத்தவருமல்லர். ஆயினும் ஈட்டிய வழியை அறிந்தும் ஆதாயத்தை ஏற்பவர் உடன்பட்டவரே. அறிய முயலாதிருப்பதும் அதற்கு வெகுதொலைவில் இல்லை.

வகுப்பறையில் கணக்கின் விடை சரியாக இருந்தாலும், வழி எழுதாத மாணவர்க்கு நாம் முழு மதிப்பெண் வழங்கியதில்லை. நம் கைக்கு வரும் ஆதாயத் தொகையும் ஒரு விடையே. அதன் வழியையும் கேட்போமாக.