தேர் நின்ற ஆண்டுகள்

2020, 2021 ஆடிப்பூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பெரிய தேர் வீதியில் ஓடவில்லை. கூட்டம் கூடினால் கொரோனா தொற்று பரவும் என்று நிறுத்திவைத்தார்கள். அந்த முடிவு சரியே. உடம்பு விலகி நிற்கலாம், உறவு விலகினால்தான் ஆபத்து. 1997இல் அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழு 276 பேரின் மூக்கில் சளிக்கிருமியைச் சொட்டு மருந்துபோல விட்டுப் பார்த்தது. குடும்பம், நட்பு, அக்கம்பக்கம், வேலையிடம் எனப் பலவகை உறவுள்ளவர்களுக்குச் சளி குறைவாகவே பிடித்தது. சளி வேறு, கொரோனா வேறு என்பார்கள். உண்மைதான், மனநிம்மதி தடுப்பூசிக்கு மாற்றாகாது. ஆனால் ஓயாத மனஅழுத்தம் கார்டிசால் சுரப்பைக் குலைத்து எதிர்ப்புச் செல்களைத் தளர்த்துகிறது. எந்தத் தொற்றும் அந்த உடம்பில்தான் வந்திறங்குகிறது. ஆகவே தொற்றுக்காலத்தில் ராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளி வீட்டோடு அடைபடும்போது, கூலி பற்றிய பயத்தைத் தீர்ப்பதும், வாசலில் தள்ளி நின்று “சாப்டாச்சாண்ணே?” என்று கேட்பதும் சுகாதாரத் துறையின் வேலைதான்.