பாறை இடுக்கில் ஒரு வேட்டைக்காரன்

என் கடல்மீன் தொட்டிக்கு ஊற்றுவது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். ஆர்.ஓ. வடிகட்டியில் வடித்து, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை போட்டு, ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டும்வரை கலக்குகிறேன். 1895க்கு முன் இந்த ஆறு முழுக்க மேற்கே இறங்கி, கொச்சிக்கு வடக்கே அரபிக்கடலைச் சேர்ந்தது. பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய அணைதான் அதன் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பியது. இன்று லோயர் கேம்ப்பில் இறங்கி, கம்பத்தின் நெல்லுக்கும் திராட்சைக்கும் பாய்கிறது. கடலை விட்டு விலகி வந்த தண்ணீரில் சில குடம் என் வீட்டில் மறுபடி கடலாகிறது. இதை நினைத்தபடி உப்பைக் கரைத்தால் கை தானாக நிதானப்படுகிறது.

மீன், ரெட்ஹெட் டாட்டிபேக். சுண்டுவிரல் அளவு. தென்னிந்திய, இலங்கைப் பவளப்பாறைகளின் இனம். கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்துகாட்டியது. என்னிடம் இருப்பதும் தொட்டியில் பிறந்ததே, கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் இடுக்கில் உடலை ஒளித்து, தலையை மட்டும் நீட்டிக் காத்திருக்கிறது. உயிருள்ள ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறாலைக் கொட்டினால் உடனே பாய்வதில்லை. கண்ணை மெல்ல உருட்டி, ஒன்றைத் தேர்ந்துகொண்டு, பிறகே பாய்கிறது. யார் கற்றுக்கொடுத்தது இதை? பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அலுக்கவில்லை.

கூட வேறு சிறு மீனை விட மனம் வரவில்லை. விட்டால் விரட்டும், துடுப்பைக் கிழிக்கும். அதைப் பொல்லாத குணம் என்று நான் சொல்லமாட்டேன். தன் இடுக்கைக் காக்காத மீன் பாறையில் பிழைக்காது.

ஆனி, ஆடியில் குமுளி மலையிலிருந்து காற்று இறங்கும்போது தொட்டி சீக்கிரம் வற்றும். வற்றுவது தண்ணீர், தங்குவது உப்பு. ஆகவே ஈடுகட்ட நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், அதுவும் தினமும், கொஞ்சமாக.

தொட்டியில் பவளப்பாறைக்குப் பதில் சுட்ட மண் துண்டுகள் வைத்திருக்கிறேன். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் தொடமாட்டேன். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி, 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. மண் துண்டின் ஓட்டையை மீன் தயங்காமல் ஏற்றுக்கொண்டது.

துணை சேர்க்க ஆசை. இந்த இனத்தில் ஆண்தான் முட்டை உருண்டையைப் பொரியும்வரை காக்கும். குஞ்சுக்கு முதல் இரை ரோட்டிபர் என்ற நுண்ணுயிர். முதலில் அதை வளர்த்துப் பழக வேண்டும். தனி வாளி ஒன்று ஒதுக்கியாயிற்று.