அளக்கிறவன் கையும் அளக்கப்பட்ட நிலமும்

பத்தாம் வகுப்பு முடித்த சேரிப் பிள்ளைக்கு மேல்நிலையில் என்ன பாடப்பிரிவு கிடைக்கிறது? மார்க் கூடினவனுக்குக் கணிதம், உயிரியல். மிஞ்சினவனுக்கு வரலாறு, புவியியல், பொருளியல். "புவியியலா? அதப் படிச்சிட்டு என்னல செய்யப் போற, குத்தாலத்துக்கு வாறவனுக்கு வழி காட்டவா?" என்ற கேலி தென்காசிப் பக்கத்தில் புதிதல்ல.

வேலைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பட்டம், பி.எட். முடித்து ஆசிரியர் ஆகலாம். செயற்கைக்கோள் படங்களை வாசிக்கும் தொலையுணர்வு, புவித்தகவல் துறைக்குப் போகலாம். குடிமைப்பணித் தேர்வில் அது விருப்பப்பாடம். எல்லாக் கல்லூரியிலும் புவியியல் துறை இல்லை என்பது தொல்லை. இதற்கெல்லாம் அப்பால் ஒரு கேள்வி நிற்கிறது. நம்மை அளந்து ஒதுக்கியவர்களின் அறிவை நாம் கற்கலாமா? கற்றால், யாருக்காக அளப்பது?

தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் தமிழ்நாடு மழைமறைவுப் பகுதி என்கிறது பாடம். பொதுவாகச் சரிதான். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலைத்தொடர் தாழ்ந்து கணவாயாகிறது. அதன் வழியே காற்று நுழைவதால் ஜூனில் குற்றாலத்தில் சாரல். பொதுவிதி சொல்லாததைத் தென்காசிப் பிள்ளையின் தோல் சொல்லிவிடும். பேரருவியில் விழுகிற சிற்றாறு தாமிரபரணியில் சேர்கிறது என்றும் பாடம் சொல்லும். நடுவே குளம், கால்வாய், மடை என்று எத்தனை இருக்கிறது! மடையில் இறங்கித் தண்ணி பாய்ச்சியவன் யார், அது பாய்ந்த வயல் யார் பேரில் இருக்கிறது என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.

ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பது மலைபோல் இயற்கையாக அமைந்ததா? கிராமத்தைக் குடியரசு என்று கொண்டாடியவர்களுக்கு எதிராக அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அம்பேத்கர் பேசியது இதைத்தான் உடைத்தது. தென்காசிக்கு அருகே மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். நாடே அதிர்ந்தது, தில்லியிலிருந்து தலைவர்கள் ஓடிவந்தார்கள். எல்லாரும் மதத்தைப் பற்றியே பேசினார்கள். ஒரு தெருவில் நடக்க, ஒரு கடையில் உட்கார முடியாத மனுசனுக்கு இடம் என்பது என்ன என்று கேட்டவர்கள் கொஞ்சம்.

இங்கேதான் புவியியல் நமக்குத் தேவைப்படுகிறது. 1892இல் வெள்ளை அரசு பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்கியது. பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் பஞ்சமருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிற அந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போனது. மீட்கக் கிளம்பினால் முதலில் வேண்டியது சர்வே எண், அ பதிவேடு, புலப்படம். 1994இல் செங்கல்பட்டு அருகே காரணையில் பஞ்சமி நிலம் கேட்டவர்கள் மீது போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். கோஷம் போடத் தெரிந்த நமக்கு அளவுகோலைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

ஆனால் படித்த பிள்ளை சர்வேயராகிச் சங்கிலி பிடிக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். பண்ணையார் வீட்டு மோர் குடித்துவிட்டு எல்லைக்கல்லை நாலடி தள்ளி நட அவனாலும் முடியும். நம்மாள் என்பதாலேயே அளவு நேராகிவிடாது. இதை நம் தோழர்களும் பேசத் தயங்குகிறார்கள்.

பதினொன்றாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கலாம். கண்டங்களை வரைந்தது போதும், உன் ஊரை வரை என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். குளம், மடை, ரேஷன் கடை, டீக்கடை, யார் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள், எல்லாம் வரட்டும். சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் பிணம் போகிற பாதையையும் வரையட்டும். பிறகு அந்தத் தாளைத் தாலுகா ஆபீசிலிருக்கும் கிராம வரைபடத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தலைமுறை தலைமுறையாக நாம் நடந்த அந்தப் பாதை எத்தனை ஊர்ப் படங்களில் இருக்கிறது என்று அவர்களே எண்ணட்டும்.